உயிர்க்கம்பியும் ஓய்ந்த கம்பியும்

வன்னியில் நெடுங்கேணிப் பக்கம் போனால் மூன்று விதமான மின்கம்பிகளைக் காணலாம். காட்டோரத்தில் யானைவேலி. வீதியோரக் கம்பங்களில் வீடுகளுக்குப் போகும் 230 வோல்ற்றுக் கம்பி. உயர்ந்த கம்பங்களின் உச்சியில், வெள்ளையும் பழுப்புமான பீங்கான் காவலிகளின் மேல், 33,000 வோல்ற்றுக் கம்பி. இவற்றில் எது ஆபத்தானது என்று ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையைக் கேட்டால் உச்சியில் இருப்பதைத்தான் காட்டும். யானையின் உயிரைப் பொறுத்தவரை அந்த விடை பிழை.

யானைவேலியில் பாயும் துடிப்பு 5,000 வோல்ற்றைத் தாண்டும். தொட்ட யானை பிளிறிக்கொண்டு திரும்பி ஓடுகிறது, சாவதில்லை. வேலிக்குச் சக்தி கொடுக்கும் பெட்டி ஏறக்குறைய செக்கனுக்கு ஒரு தடவை, ஒரு செக்கனின் ஆயிரத்தில் ஒரு பங்கிலும் குறைந்த நேரம் மட்டும் மின்னைத் தள்ளிவிட்டு ஓய்கிறது. இதயத்தின் தாளத்தைக் குலைக்க அந்த நேரம் போதாது. பயிரைக் காக்கவோ பன்றி பிடிக்கவோ வீட்டு மின்சாரத்தைக் களவாகக் கொழுவி இழுத்த கம்பியில் இருப்பது வெறும் 230 வோல்ற்று. ஆனால் அது இடைவிடாமல் பாய்கிறது. இலங்கையில் யானைகள் சாவதற்கான முக்கிய காரணங்களில் ஒன்று இந்தச் சட்டவிரோதக் கம்பி. இருட்டில் வயலுக்குப் போன மனிதரும் அதில் அகப்பட்டுச் செத்திருக்கிறார்கள்.

உயரழுத்தக் கம்பிகளில் வேலை செய்பவர்களைப் பற்றிப் பேச வந்த இடத்தில் வேலியிலிருந்து தொடங்கியதற்குக் காரணம் உண்டு. கம்பியில் எத்தனை வோல்ற்று என்ற எண் மட்டும் ஆபத்தின் அளவைச் சொல்லாது. எந்த இரண்டு புள்ளிகளுக்கிடையே அந்த அழுத்த வேறுபாடு இருக்கிறது, அவ்விரு புள்ளிகளுக்கும் நடுவே உடல் அகப்படுகிறதா, அகப்பட்டால் எவ்வளவு நேரம், இதயத்தின் ஊடாகவா என்ற கேள்விகளே உயிரைத் தீர்மானிக்கின்றன. மின்கோபுரத்தில் ஏறும் தொழிலாளி கற்கும் பாடமும், அவர் கைப்பையில் காவிச் செல்லும் கருவிகளும், செய்யும் சடங்கு போன்ற வேலைகளும் இந்தக் கேள்விகளுக்கான பதில்கள்தாம்.

உடலைக் கொல்வது அதனூடாகப் பாயும் மின்னோட்டம். ஒரு மில்லியம்பியர் பாய்ந்தால் விரல் நுனியில் சுருக்கென்று தெரியும். கலிபோர்னியாவின் பேர்க்லிப் பல்கலைக்கழகத்தில் சார்ல்ஸ் டல்சியல் என்ற பேராசிரியர் தாமாக முன்வந்த 134 ஆண்களிலும் 28 பெண்களிலும் சோதித்து, பிடித்த கம்பியை விடமுடியாமற் போகும் எல்லையை அளந்தார். ஆண்களுக்குச் சராசரி 16 மில்லியம்பியர், பெண்களுக்கு 10.5. அதற்கு மேல் தசைகள் இறுகிக் கை கம்பியை விடாது. 50 மில்லியம்பியரைத் தாண்டி ஒரு செக்கனோ அதற்கு மேலோ நெஞ்சினூடாகப் பாய்ந்தால் இதயம் துடிப்பதை விட்டு நடுங்கத் தொடங்கும். வியர்த்த உடலின் தடை ஏறக்குறைய ஆயிரம் ஓம். 230 வோல்ற்று அதன் குறுக்கே நின்றால் 230 மில்லியம்பியர். வீட்டு மின்சாரம் ஏன் கொல்கிறது என்பதற்கு இந்தக் கணக்கு போதும். நம் வீடுகளில் இருக்கும் ‘ட்ரிப் சுவிச்’ 30 மில்லியம்பியர் ஒழுகினாலே விழும்படி ஏன் அமைக்கப்பட்டது என்பதும் இதிலிருந்தே விளங்கும். அந்தச் சுவிச்சுக்கும் டல்சியலின் ஆய்வு ஓர் அடித்தளம்.

33,000 வோல்ற்றில் வேறொரு கொடுமையும் சேர்கிறது. தொடவே தேவையில்லை. ஈரமற்ற காற்று, சீரான மின்புலத்தில், ஒரு சென்ரிமீற்றருக்கு 30,000 வோல்ற்று வரை தாங்கும். விரல் நுனி, கம்பியின் முறுக்கு, இரும்பின் கூர் என்று புலம் குவியும் இடங்களில் அதில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கையே தாங்கும். ஆகவே 33,000 வோல்ற்றுக் கம்பியிலிருந்து பொறி சில சென்ரிமீற்றர் பாயும். 132,000 வோல்ற்றில் ஏறக்குறைய ஒரு சாண். பாயும் தூரம் இவ்வளவுதானே என்று அலட்சியம் செய்ய முடியாது. ஒருமுறை தாவிய பொறி வில்லாக நின்று எரியும், அதன் வெப்பம் சூரியனின் மேற்பரப்பை விஞ்சும். இதயம் தப்பினாலும் சதை வெந்துவிடும். அதோடு, எங்கோ பல மைலுக்கு அப்பால் இடி விழுந்தால் அந்த அழுத்தம் கம்பி வழியே ஓடிவந்து ஒருகணம் ஐந்தாறு மடங்கு ஏறும். 132,000 வோல்ற்றுக் கோபுரத்தில் காவலித் தட்டுகள் பத்தளவில் கோத்து ஒன்றரை மீற்றர் நீளத்துக்குத் தொங்குவது அந்த ஒருகணத்தைத் தாங்கத்தான். சித்திரையிலும் ஐப்பசியிலும் வன்னியில் பின்னேரம் இருண்டு வரும் இடிமுகிலைக் கண்டால் கோபுரத்தில் நிற்பவர் இறங்கியாக வேண்டும்.

இவ்வளவு ஆபத்தான அழுத்தம் எதற்கு? பத்து மெகாவாற்று சக்தியை 400 வோல்ற்றில் அனுப்பினால் கம்பியில் 14,000 அம்பியருக்கு மேல் ஓட வேண்டும். 132,000 வோல்ற்றில் 44 அம்பியர் போதும். கம்பியில் வெப்பமாக வீணாவது மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப என்பதால், இழப்பு ஒரு இலட்சத்தில் ஒரு பங்காகக் குறைகிறது. மலைநாட்டு அருவியில் பிறந்த மின்சாரம் வன்னிக்கு வந்து சேர இதைவிட வேறு வழி இல்லை.

யாழ்ப்பாணத்து முதியவர்கள் இன்றும் அந்த மலைநாட்டு மின்சாரத்தை லக்சபானா மின்சாரம் என்பார்கள். அனுராதபுரத்திலிருந்து வன்னியூடாகச் சுன்னாகம் வரை போன பழைய 132,000 வோல்ற்றுத் தொடர் போரில் அழிந்தது. குடாநாடு மின்பிறப்பாக்கிகளிலும், வன்னி பெரும்பாலும் மண்ணெண்ணெய் விளக்கிலும் வருடக்கணக்காக இருந்தன. வவுனியாவிலிருந்து கிளிநொச்சிக்குப் புதிய தொடர் அமைக்க 2005இல் ஜப்பானியக் கடன் கிடைத்தது. மறுபடி போர் மூண்டதால் வேலை நின்றது. 2009இல் போர் முடிந்த பின்னர்தான் கோபுரங்கள் எழுந்தன. 2013இல் தொடர் சுன்னாகத்தை எட்ட, யாழ்ப்பாணம் மறுபடி நாட்டின் மின்வலையோடு சேர்ந்தது. கோபுரத்தின் நான்கு கால்களுக்கும் குழி தோண்டுவதற்கு முன் நிலத்தில் கண்ணிவெடி இல்லை என்று உறுதிசெய்ய வேண்டியிருந்த நாடு இது. உயரத்துக்கும் மின்சாரத்துக்கும் அஞ்ச வேண்டிய தொழிலில், இங்கே காலடி மண்ணுக்கும் அஞ்ச வேண்டியிருந்தது. அந்த வேலையைச் செய்தவர்களுக்கு இந்த நாடு இன்னும் உரிய மரியாதை செய்யவில்லை என்றே நான் நினைக்கிறேன்.

கம்பி இழுப்பதில் ஒரு கணக்கு எனக்கு மிகவும் பிடித்தது. இரண்டு கோபுரங்களுக்கு இடையே 300 மீற்றர். நடுவில் கம்பி ஏழு மீற்றர் தொய்கிறது. நேர்கோட்டைவிட அந்தத் தொய்ந்த கம்பி எவ்வளவு நீளமாக இருக்கும்? அரை மீற்றர்கூட இல்லை, 44 சென்ரிமீற்றர். அதாவது வெயிலிலும் சுமையிலும் கம்பி சூடாகி ஒரு சாண் நீண்டாலே தொய்வு ஒன்றரை மீற்றருக்கு மேல் இறங்கிவிடும். வீதியைக் கடக்கும் இடத்தில் வைக்கோல் ஏற்றிய உழவு இயந்திரத்துக்கும் கம்பிக்கும் இடையிலான வெளி அந்த ஒரு சாணில் இருக்கிறது. கம்பி இழுப்பவர்கள் அன்றைய வெப்பநிலையைப் பார்த்து, அட்டவணையோடு ஒப்பிட்டு இழுவிசையைத் தீர்மானிப்பது இதற்காகவே.

இனிக் கம்பியில் அமரும் காகத்துக்கு வருவோம். 400 அம்பியர் ஓடும் கம்பியில் அதன் இரு கால்களுக்கும் இடையே ஐந்து சென்ரிமீற்றர். அந்தத் துண்டுக் கம்பியின் தடையைக் கணக்கிட்டால் கால்களுக்கிடையேயான அழுத்த வேறுபாடு ஒரு வோல்ற்றின் ஆயிரத்தில் மூன்று பங்கு. காகம் பிழைத்துக்கொள்கிறது. இறக்கையை விரித்துப் பக்கத்துக் கம்பியையும் சேர்த்துத் தொடும் மயிலும் வௌவாலும் செத்து விழுகின்றன. 2025 பெப்ரவரி 9ஆந் திகதி முற்பகலில் பாணந்துறை உபநிலையத்தில் ஒரு குரங்கு நிலைமாற்றியில் பட்டு நாடு முழுவதும் மின்சாரம் நின்றது நினைவிருக்கும். ஒரு சிறு உடல் இரண்டு அழுத்தங்களுக்கு இடையே பாலமானதன் விளைவு அது.

காகம் செய்வதை மனிதன் செய்ய முடியுமா? முடியும். அமெரிக்காவிலும் இந்தியாவிலும் வேறு பல நாடுகளிலும் மின்சாரத்தை நிறுத்தாமலே கம்பியில் போய் அமர்ந்து வேலை செய்கிறார்கள். இதற்குப் பயிற்சி கொடுக்கவே பெங்களூரில் ஒரு நிலையம் இருக்கிறது. காவலிப் பொருளால் ஆன ஏணியிலோ, நீண்ட கையுடைய வாகனத்திலோ, ஹெலிகொப்டரின் பக்கவாட்டுப் பலகையிலோ ஒருவர் கம்பியை நெருங்குகிறார். அவர் புவியைத் தொடவில்லை. கோபுரத்தையும் தொடவில்லை. கையில் உள்ள உலோகக் கோலை நீட்டுகிறார். கோலின் நுனிக்கும் கம்பிக்கும் இடையே நீலப் பொறி சடசடத்துப் பாய்கிறது. கோலைக் கம்பியில் கொழுவியதும் பொறி அடங்குகிறது. அந்தக் கணத்திலிருந்து அவருடைய உடலின் அழுத்தமும் கம்பியோடு சேர்ந்து செக்கனுக்கு 50 தடவை ஏறி இறங்குகிறது. அவருக்கும் கம்பிக்கும் இடையே வேறுபாடு இல்லை. வெறுங்கையால் கம்பியைப் பிடிக்கலாம்.

ஆனால் முற்றிலும் சும்மா இருந்துவிட முடியாது. மனித உடலுக்கும் புவிக்கும் இடையே சிறு கொள்ளளவம் உண்டு, ஒரு பரட்டின் ஆயிரங்கோடியில் ஒரு பங்களவு. ஆடலோட்டத்தில் அந்தக் கொள்ளளவம் ஒவ்வொரு அலைக்கும் நிரம்பி வெறுமையாக வேண்டும். 132,000 வோல்ற்றுத் தொடரில் ஒரு கம்பிக்கும் புவிக்கும் இடையே உள்ளது 76,000 வோல்ற்று. கணக்கிட்டால் உடலினூடாக 2.4 மில்லியம்பியர் வந்துபோகிறது. கொல்லாது, ஆனால் உடலெங்கும் ஊசி குத்துவதுபோல் இருக்கும். கவனம் சிதறும். நூறடி உயரத்தில் கவனம் சிதறுவதும் சாவுக்கு ஒப்பானதே.

இதற்கான தீர்வு 1836இல் லண்டனில் பிறந்தது. மைக்கல் பரடே 12 அடிக் கனசதுரச் சட்டமொன்றைச் செய்து, கம்பியும் உலோகத்தாளும் போர்த்தி, றோயல் இன்ஸ்ரிரியூசனின் விரிவுரை மண்டபத்தில் புவியைத் தொடாமல் நிறுத்தினார். வெளிச்சுவரிலிருந்து பொறிகள் பாயுமளவுக்கு அதற்கு மின்னேற்றம் செய்துவிட்டு, தாம் உள்ளே போய் நின்றார். கொளுத்திய மெழுகுதிரியையும் மின்காட்டிகளையும் கொண்டு தேடிப் பார்த்தார். உள்ளே மின்னின் தடயமே இல்லை. கடத்தியால் மூடிய வெளிக்குள் புலம் நுழைவதில்லை என்று தன் உடம்பையே வைத்து அவர் காட்டினார். இன்றைய லைன் தொழிலாளி அணியும் உடுப்பு அந்தக் கனசதுரந்தான். தீப்பற்றாத துணியோடு மயிரிழை போன்ற எஃகு நார்களை நெய்து, தலைமூடி, கையுறை, காலுறை எல்லாவற்றையும் ஒன்றாக இணைத்திருப்பார்கள். அந்த 2.4 மில்லியம்பியர் துணியிலேயே ஓடிவிடும். திறந்திருக்கும் முகத்தில் மட்டும் காற்று வீசுவதுபோல ஒரு கூச்சம்.

ஈரக்காற்றடிக்கும் விடியற்காலையில் கம்பியைச் சுற்றிக் காற்றே சிறிது அயனாகிச் சீறும். அந்த இரைச்சலின் அடித்தொனி செக்கனுக்கு 100 அதிர்வு, ஏனெனில் ஒவ்வொரு அலையிலும் புலம் இரண்டு தடவை உச்சத்தை அடைகிறது. கீழே பாலையும் முதிரையும் வீரையும் ஒரே பச்சையாகப் பரந்து, இடையிடையே குளங்கள் வெயிலில் மின்னும். வன்னியை அந்த உயரத்திலிருந்து காணும் பேறு இவர்களுக்குத்தான் வாய்க்கிறது. இந்தத் தொழிலில் ஒரு மயக்கம் இருக்கிறது என்பதை நான் மறுக்கப் போவதில்லை. உலகத்தில் எவரும் தொட முடியாத ஒன்றைத் தொட்டு நிற்பதன் பரவசம், ஏன் தொட முடிகிறது என்று அறிந்து தொடும்போது இன்னும் கூடும்.

ஆனாலும் உயிர்க்கம்பியைவிட எனக்கு அதிகம் பயம் தருவது ஓய்ந்த கம்பி. உயிருள்ளது என்று தெரிந்த கம்பிக்கு எல்லோரும் எச்சரிக்கையாக இருப்பார்கள். நிறுத்தியாயிற்று என்று நம்பிய கம்பியில் கையுறையைக் கழற்றிவிடத் தோன்றும்.

ஒரே கோபுரத்தின் இரு பக்கமும் இரண்டு தொடர்கள் போவது வழக்கம். ஒன்றை நிறுத்திவிட்டு வேலை செய்யும்போது மற்றது ஓடிக்கொண்டிருக்கும். பல கிலோமீற்றருக்கு அருகருகே ஓடும் உயிர்க்கம்பி, ஓய்ந்த கம்பியில் தன் மின்புலத்தாலும் காந்தப்புலத்தாலும் ஆயிரக்கணக்கான வோல்ற்றைத் தூண்டும். எங்கும் எவரும் சுவிச்சைப் போடவில்லை, ஆயினும் கம்பி கொல்லும். ஆதலால் ஒழுங்கு இது: தொடரை இரு முனையிலும் துண்டிக்க வேண்டும். துண்டித்த இடத்தில் பூட்டுப் போட்டு அறிவிப்புத் தொங்கவிட வேண்டும். மின்சாரம் இல்லை என்பதைக் கருவியால் சோதிக்க வேண்டும், சோதிக்கும் கருவி சரியாக வேலை செய்கிறதா என்பதையும் முன்னும் பின்னும் சோதிக்க வேண்டும். பிறகு நீண்ட காவலிக் கோலால் கம்பியைப் புவியோடு தொடுக்க வேண்டும். புவித்தொடுப்பில் முதலில் புவி முனை, பிறகு கம்பி முனை. கழற்றும்போது எதிர் ஒழுங்கு. மாற்றிச் செய்தால் கையில் இருக்கும் தொடுப்புக் கம்பியே உயிர்க்கம்பியாகிவிடும்.

புவியோடு தொடுத்தால் போதுமா? பல காலம் போதும் என்றே நம்பினார்கள். தவறுதலாக எவரோ மின்சாரத்தைப் போட்டுவிட்டதாக வையுங்கள். 5,000 அம்பியர் கோபுரத்தின் வழியே மண்ணுக்குள் இறங்குகிறது. மண்ணின் தடை ஒரே ஒரு ஓம் என்றாலும், ஓமின் விதிப்படி அந்தக் கம்பி 5,000 வோல்ற்றுக்கு ஏறும். புவியோடு தொடுத்த கம்பிதான், ஆனால் அதையும் தூரத்து மண்ணையும் சேர்த்துத் தொட்டவர் பிழைக்க மாட்டார். அதே நேரம், தொழிலாளி நிற்கும் கோபுரத்தையும் அவர் தொடும் கம்பியையும் அவர் பக்கத்திலேயே தடித்த செப்புக் கம்பியால் நேராக இணைத்திருந்தால்? அந்தச் செப்பின் தடை ஓமின் ஆயிரத்தில் ஒரு பங்கு. அவருடைய கைக்கும் காலுக்கும் இடையே 5 வோல்ற்று. உடலினூடாக 5 மில்லியம்பியர். துள்ளுவார், பிழைப்பார். காகத்தின் இரகசியம் இங்கேயும் காவல் நிற்கிறது: கைபடும் இடமும் கால்படும் இடமும் ஒரே அழுத்தத்தில் இருக்க வேண்டும்.

இந்த ஒழுங்கில் ஒரு படியைத் தவறவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு 2020 ஆகஸ்ட் 17 சாட்சி. கெரவலப்பிட்டிய உபநிலையத்தில் பராமரிப்பு வேலையின்போது நேர்ந்த மனிதத் தவறால் நாடு முழுவதும் பல மணித்தியாலம் இருளில் கிடந்தது. நாட்டுக்கு அது இருளோடு போயிற்று. அதே தவறு ஒரு கோபுரத்தின் மேல் நடந்தால் ஒரு வீட்டின் விளக்கு நிரந்தரமாக அணையும்.

மாரியில் கம்பி அறுந்து மண்ணில் கிடப்பதை வன்னியில் காணலாம். அந்தக் கம்பியிலிருந்து மின்னோட்டம் மண்ணுக்குள் பரவும்போது அழுத்தம் ஒவ்வொரு அடிக்கும் குறைந்துகொண்டே போகும். அருகில் மிக வேகமாகக் குறையும். அங்கே எட்டு வைத்து நடப்பவரின் இரு பாதங்களும் வெவ்வேறு அழுத்தத்தில் இருக்கும். மாட்டுக்கு முன்காலுக்கும் பின்காலுக்கும் ஒன்றரை மீற்றர், நடுவில் இதயம். கம்பியைத் தொடாமலே மாடு விழுவது இதனால்தான், மாட்டைத் தூக்க ஓடுபவர் விழுவதும் இதனால்தான். அகப்பட்டுக்கொண்டால் இரு பாதங்களையும் ஒட்டி வைத்து, நிலத்தை விட்டுத் தூக்காமல், சிறிது சிறிதாக இழுத்து விலக வேண்டும். பிறகு மின்சார சபையின் 1987 இலக்கத்துக்கு அறிவித்துவிட்டு, அவர்கள் வரும்வரை மற்றவர் நெருங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வருபவர்கள் தொடரை நிறுத்தி, கம்பத்தில் ஏறுவார்கள். அவர்களுக்கு மின்சார சபையின் பக்கத்திலிருந்து ஆபத்து குறைவு. ஊரின் பக்கத்திலிருந்து இருக்கிறது. கடையில் ஐஸ்பெட்டி கரையாமலிருக்க ஒருவர் தன் மின்பிறப்பாக்கியை ஓடவிட்டு, வயரை நேராகச் சுவர்ப் பிளக்கில் செருகியிருக்கலாம். அந்த 230 வோல்ற்று கடையின் மின்மானியூடாக வெளியேறி ஊர் நிலைமாற்றிக்குப் போகும். நிலைமாற்றிக்கு எது உள்ளே, எது வெளியே என்ற பேதமில்லை. 33,000 வோல்ற்றை வீட்டு அழுத்தத்துக்கு இறக்கும் அதே சுருள்கள், வீட்டுப் பக்கத்திலிருந்து வரும் 230 வோல்ற்றை மறுபக்கத்தில் 33,000 ஆக்கும். அயல்வீடுகளின் சுமை தாங்காமல் சிறிய மின்பிறப்பாக்கி பெரும்பாலும் உடனே நின்றுவிடும். அயல்வீடுகளின் கம்பியும் அறுந்திருந்தால், சுமை எதுவும் இல்லாமல், அது உச்சி வரை அழுத்தத்தை ஏற்றிவிடும். அங்கேதான் ஒருவர் கை வைத்திருப்பார்.

கூரைச் சூரியத் தகடுகளுக்கும் இதே பிரச்சினை உண்டு. 2016க்குப் பின் இலங்கையில் அவை வேகமாகப் பெருகின. அவற்றின் மாற்றிப் பெட்டிகள் ஓயாமல் மின்வலையைச் சோதித்தபடி இருக்கும்: தன் அலையைச் சற்றே முன்னே தள்ளிப் பார்க்கும். பெரிய மின்வலை உயிரோடு இருந்தால் அலையின் அதிர்வெண் அசையாது. அசைந்தால் வலை அறுந்துவிட்டது என்று அறிந்து, இரண்டு செக்கனுக்குள் பெட்டி தன்னை நிறுத்திக்கொள்ள வேண்டும். மின்பிறப்பாக்கிக்கு இந்த அறிவு இல்லை. அதற்கு மெயின் சுவிச்சுக்கு அருகில் ஒரு மாற்று சுவிச் வேண்டும்: ஒன்றில் மின்சார சபை, அல்லது மின்பிறப்பாக்கி, இரண்டும் ஒருபோதும் சேராது. மின்பிறப்பாக்கி வைத்திருக்கும் ஒவ்வொரு கடையிலும் அரிசி ஆலையிலும் மண்டபத்திலும் அந்தச் சுவிச் இருக்கிறதா என்று அடுத்த மழைக்கு முன் பார்த்துவிட வேண்டும்.